வருகைக்கு 20 மார்க் யார் போட்டது?

பாலாறு_எச்ஆர்: ஆம்பூர்ல எங்க ஷூ கம்பெனியில தொழிலாளிங்களுக்கு மார்க் அட்டை கொண்டு வந்திருக்கோம். உற்பத்திக்கு 40, தரத்துக்கு 30, வருகைக்கு 20, சுத்தத்துக்கு 10. கூட்டினா ஒரே நம்பர். சூப்பர்வைசருக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு இனி யாரும் பேச முடியாது. வேலூர் மாவட்டத்துல மத்த கம்பெனிகளும் இதைப் பண்ணணும்.

பேர்ணாம்பட்டு_அக்கா: வருகைக்கு 20 யார் போட்டது? நாங்க கம்பெனி பஸ்லதான் வரோம். பஸ் லேட்டானா கார்டுல லேட்டுன்னு விழுறது எங்களுக்கு. டிரைவருக்கு மார்க் அட்டை இருக்குதா?

பாலாறு_எச்ஆர்: பஸ் வேற, மார்க் வேற.

பேர்ணாம்பட்டு_அக்கா: எப்படி வேற? ஒவ்வொண்ணுக்கும் நூத்துக்கு மார்க் போட்டு, அதுல 40, 30, 20, 10 சதவீதம் எடுத்துத்தானே கூட்டுறீங்க? ஒருத்தி உற்பத்தி 90, தரம் 95, வருகை 70, சுத்தம் 90. இன்னொருத்தி 75, 95, 100, 90. போட்டுப் பாருங்க, ரெண்டு பேருக்கும் 87.5. ஷூவோட மேல்பாகம் (அப்பர்) தச்சுத் தள்ளுறவளும், கம்பெனி கேட்டுப் பக்கத்துல வீடு இருக்கிறவளும் ஒண்ணா?

குடியாத்தம்_மணி: நல்ல வேலைக்காரன்னா இன்னான்னு முதல்ல முடிவு பண்ணுங்கபா. அப்புறம் மார்க் போடலாம். அப்புறம் ஆம்பூர் 2019லயே திருப்பத்தூர் மாவட்டம் ஆயிடுச்சு.

பாலாறு_எச்ஆர்: மாவட்டம் எதுவா இருந்தா இன்னா? மேனேஜ்மெண்ட் பேசுறோம், பூகோளம் இல்ல.

குடியாத்தம்_மணி: ஊரே தெரியாதவரு ஆளை அளக்கறாராம்.

சோளிங்கர்_எம்பிஏ: இதுக்குப் பேரு பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு. கேப்லனும் நார்ட்டனும் 1992ல ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூங்கிற மேனேஜ்மெண்ட் பத்திரிகையில எழுதினாங்க. பெரிய பெரிய கம்பெனியெல்லாம் பண்றாங்க. தெரியாம எதிர்க்காதீங்க.

பேர்ணாம்பட்டு_அக்கா: என் பொண்ணும் எம்.பி.ஏ.தான், புஸ்தகம் வீட்லயே கிடக்குது. அவங்க அளந்தது கம்பெனியை. பணம், வாடிக்கையாளர், உள்ளே நடக்கிற வேலை, கத்துக்கிட்டு வளர்றதுன்னு நாலு பக்கத்துல பார்க்கச் சொன்னாங்க. அதுல லேட்டா வந்த பொம்பளைக்கு வெட்டுற 20 எந்தப் பக்கத்துல இருக்குது, காட்டுங்க.

சோளிங்கர்_எம்பிஏ: அவங்கவங்க தேவைக்கு மாத்திக்கலாம்.

பேர்ணாம்பட்டு_அக்கா: அப்போ எங்க தேவைக்கும் மாத்துங்க.

வாலாஜா_செக்கிங்: தரத்துக்கு 30ன்னு பேருக்குத்தான் சார். எங்க டேபிள்ல எல்லாருக்கும் 94லேர்ந்து 97க்குள்ளதான் விழும். 3 மார்க் வித்தியாசம், அதுல 30 சதவீதம்னா 0.9. வருகையில 70க்கும் 100க்கும் நடுவுல 30, அதுல 20 சதவீதம் 6. கடைசியில ஆளை மேல கீழ தள்ளறது தரமா, வருகையா?

பாலாறு_எச்ஆர்: ஒரு ஆள் வரலைன்னா அடுத்த மெஷின் சும்மா நிக்குது. ஷிப்மெண்ட் தப்பினா பதில் சொல்றது நான். 20 கம்மின்னுதான் சொல்லுவேன்.

பேர்ணாம்பட்டு_அக்கா: லீவு போடறவங்களுக்கு வெட்டுங்க, நான் வேணாங்கல. பஸ்ஸுக்காக ரோட்ல நின்னவங்களுக்கு எதுக்கு வெட்டுறீங்க?

வாலாஜா_செக்கிங்: என் கணக்குக்கு இன்னும் பதில் வரல.

சோளிங்கர்_எம்பிஏ: செக்கிங்ல இருந்துகினு எங்களுக்குக் கணக்கு சொல்லித் தரீங்களா?

வாலாஜா_செக்கிங்: போன வருஷம் இன்கிரிமெண்ட் லிஸ்டுல நீங்க கூட்டின கணக்கைத் திருத்தினதே நாங்கதான்.

பாலாறு_எச்ஆர்: பழசைக் கிளறாதீங்க. இந்த வருஷம் 20 மாறாது.

பேர்ணாம்பட்டு_அக்கா: பஸ் எத்தனை மணிக்கு கேட்டுக்குள்ள வந்துச்சுன்னு வாட்ச்மேன் நோட்டுல இருக்குது. அந்த நோட்டையும் கார்டையும் பக்கத்துல வெச்சுகினு 20ஐப் போடுங்க.