வீடு சென்று உயிரியல் கற்பித்தவர்களும் கற்றவர்களும்: அனுபவப் பகிர்வு

மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை:

தாவரவியலில் முதுகலை முடித்த பிறகு, எட்டு ஆண்டுகளாக மாணவர்களின் வீடுகளுக்குச் சென்று பிளஸ் ஒன், பிளஸ் டூ உயிரியல் சொல்லித் தருகிறேன். இவர்களில், பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, நீட் தேர்வுக்காக ஆங்கிலவழிக்கு மாற்றப்பட்ட ஒரு மாணவன் எனக்குக் கற்பித்ததே அதிகம்.

ஸ்டொமேட்டா என்றால் என்னவென்று கேட்டால், ஆங்கில வரையறையை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். ஒரு நாள் எதற்காகவோ, “இலைத்துளைக்கும் ஸ்டொமேட்டாவுக்கும் என்ன வேறுபாடு?” என்று கேட்டேன். அவன் சற்று யோசித்துவிட்டு, வேறுபாடுகளை வரிசையாகச் சொல்லத் தொடங்கினான். ஒரே பொருளின் இரண்டு பெயர்களை இரண்டு பொருள்களாகவே அவன் அத்தனை மாதங்களும் மனத்தில் வைத்திருந்தான். வரையறை சரியாக இருந்ததால் எந்தத் தேர்வுத்தாளிலும் அது வெளிப்பட்டிருக்காது. அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அப்படியொரு கேள்வியைக் கேட்கவும் யாருக்கும் தோன்றியிருக்காது. அன்றே ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, சூற்பைக்கு எதிரே ஓவரி, சூலுக்கு எதிரே ஓவ்யூல், மகரந்தப்பைக்கு எதிரே ஆந்தர் என்று எழுதத் தொடங்கினோம். பாதிக்கு மேற்பட்டவை அவனுக்கு ஏற்கெனவே தெரிந்தவையாக இருந்தன.

பின்னர் விதைகளாகும் சூல்கள் சூற்பைக்குள் எப்படி ஒட்டியிருக்கின்றன என்னும் சூல் ஒட்டு முறைகள் வந்த நாளில், அவனுடைய அம்மா சமையலறையில் குழம்புக்கு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வட்டமாக நறுக்கிய ஒரு துண்டை வாங்கி அவன் உள்ளங்கையில் வைத்தேன். ஐந்து அறைகள் இருந்தன. விதைகள் எல்லாம் நடு அச்சைப் பற்றிக்கொண்டிருந்தன. அவன் நான்கு முறை எழுதிப் பார்த்து மனப்பாடம் செய்திருந்த அச்சு சூல் ஒட்டு முறை அதுதான். பப்பாளியைப் பிளந்தபோது நடுவே வெற்றிடமும் உட்சுவர் முழுவதும் விதைகளுமாக இருந்தது. அவரைக்காயில் விதைகள் ஓர் ஓரமாகவே ஒட்டியிருந்தன. தக்காளியை அவனே எடுத்து வந்து, குறுக்கே வெட்டிப் பார்த்து, “இதுவும் அச்சுதான்” என்றான். வாசலில் இருந்த செம்பருத்தியில் மகரந்தம் வந்து ஒட்டும் சூலகமுடி ஐந்து நுனிகளாகப் பிரிந்திருப்பதையும், அதுவும் வெண்டையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதையும் அன்று அவன் இணைத்துச் சொன்னது நான் எதிர்பாராதது. “இத்தனை நாளும் காய் நறுக்கக் கூப்பிட்டால் எழுந்து வராதவன், டீச்சர்” என்றார் அவனுடைய அம்மா.

அவனுடைய தந்தைக்கு இதில் மனநிறைவு இல்லை. நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் உயிரியலுக்கு மட்டும் 360 என்பதை நினைவூட்டி, காய்கறிகளை விட்டுவிட்டு வினாத்தொகுப்புகளைத் தீர்க்கச் சொன்னார். அவர் கணக்கிலும் தவறில்லை என்பதால், வாரத்தில் இரண்டு நாள்களைத் தேர்வுப் பயிற்சிக்கென ஒதுக்கினேன்.

திருச்சியிலிருந்து ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்:

நான் ஆட்டின் இதயத்தைக் கொண்டு கற்பிப்பது வழக்கம். சைவ வீடுகளில் மட்டும் படத்தோடு நிறுத்திக்கொள்வேன். முதல் முறை வாங்கியபோது கறிக்கடையில் பழக்கப்படி கத்தியால் கீறித் தந்துவிட்டதால், வால்வுகள் அறுந்து பயனற்றுப் போயின. அதிலிருந்து, கீறாமல், இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருந்தமனிக் குழாயை ஒட்ட நறுக்காமல் தர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். அந்தக் குழாயை நிமிர்த்திப் பிடித்து டம்ளரிலிருந்து நீர் ஊற்றினால், அரைச்சந்திர வால்வின் மூன்று மடல்களும் நிறைந்து ஒன்றோடொன்று மூடிக்கொள்ளும். நீர் கீழே இறங்காது. ஒரு மாணவி அதை ஆறு முறை செய்து பார்த்தாள். புத்தகப் படத்தில் இதயத்தின் இடப்பக்கம் தாளின் வலப்பக்கத்தில் இருப்பதை உணராமல், அவள் தன் நோட்டில் சிவப்பையும் நீலத்தையும் மாற்றித் தீட்டியிருந்தாள். இதயத்தைத் தட்டோடு அவள் மார்புக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். இடது வெண்ட்ரிக்கிளின் (இதயத்தின் கீழறையின்) சுவர் வலதைவிட வெகுவாகத் தடித்திருப்பதைத் தொட்டுப் பார்த்து, வலது நுரையீரலுக்கும் இடது உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புவதால்தான் இந்த வேறுபாடு என்று அவளே காரணம் சொன்னாள்.

தனிவகுப்பில் படித்த ஒரு கல்லூரி மாணவி:

மாணவர் தரப்பிலிருந்து ஒரு குறையையும் பதிவு செய்ய விரும்புகிறேன். எனக்குச் சொல்லித்தந்த அக்கா மிகப் பொறுமையானவர். நான் விடை சொல்லத் தொடங்கும்போதே அவர் முகத்தைப் பார்த்து, தலையசைந்தால் தொடர்வேன், புருவம் சுருங்கினால் மாற்றிச் சொல்வேன். இனச்செல்கள் உருவாகும் செல் பிரிதலான மியாசிஸின் நிலைகளை அவர் முன்னிலையில் பிழையின்றிச் சொன்ன நான், அரையாண்டுத் தேர்வில், குரோமோசோம்கள் தங்களுக்குள் பகுதிகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கே கலத்தல் எந்த நிலையில் நிகழ்கிறது என்பதை எழுத முடியாமல், பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அக்காவிடம் சொன்னபோது அவர் எதுவும் பேசவில்லை. மறுநாளிலிருந்து கேள்வியைக் கேட்டுவிட்டு, என் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.