மிசூரி ஆற்றுப் படகு: செயின்ட் சார்ல்ஸ் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. 1811-இல் அமெரிக்காவின் மிசூரி ஆற்றில் நடந்த ஒரு துரத்தலை வைத்து நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். விலங்குத் தோல் வியாபாரி மானுவல் லிசா, முன்னே போய்விட்ட போட்டி நிறுவனத்தின் ஹண்ட் குழுவைப் பிடிக்க, ஏறக்குறைய 1,100 மைல் நீரோட்டத்துக்கு எதிராகப் படகில் போன கதை. அமெரிக்க மேற்கை ஆராயப் போன லூயிஸ், கிளார்க்குடன் மொழிபெயர்ப்பாளராகப் பயணம் செய்த ஷார்போனோவும் அவர் மனைவியும் அதே படகில் இருந்தார்கள். நாவலாசிரியனுக்கு வேறென்ன வேண்டும்!

சிக்கல் படகில்தான். அது கீல்போட் எனப்படும் நீண்ட ஆற்றுச் சரக்குப் படகு. காற்று இருந்தால் பாய், ஆழம் குறைந்தால் கழி. இரண்டும் உதவாவிட்டால் பாய்மரத்தில் நீளக் கயிற்றைக் கட்டி, ஆட்கள் கரைச் சேற்றிலும் முட்புதரிலும் நடந்தே இழுக்க வேண்டும். கழி ஊன்றுபவர்கள் நடக்கும் ஓரப்பலகையில் எதிரெதிரே வரும் இரண்டு பேர் ஒருவரையொருவர் தாண்டிப் போக முடியுமா? ஒரு கைகலப்புக் காட்சியே அதை நம்பித்தான் இருக்கிறது.

மிசூரி மாநிலத்தின் செயின்ட் சார்ல்ஸ் நகர அருங்காட்சியகத்தில் லூயிஸ், கிளார்க் படகின் முழு அளவு மாதிரி இருக்கிறது. லிசாவின் படகு அல்ல, ஆனால் அதே வகை. அங்கே போகிறவர்கள் ஓரப்பலகையின் அகலத்தை அளந்து, பாய்மரத்தின் அடிப்பகுதியைப் படமெடுத்து அனுப்ப முடியுமா? அப்புறம், கயிறு இழுத்த ஆட்களின் அன்றாடம் பற்றிய நாட்குறிப்புகள் தெரிந்தாலும் சொல்லுங்கள்.