தெறிபாதை: ஒரு சொல் முன்மொழிவு

வணக்கம் நண்பர்களே,

நகரத்துக்குள் நகரும் வானொலி அலைபரப்பியை, கட்டடங்களில் பட்டு வரும் அலைகளைக் கொண்டே கண்டுபிடிக்கும் முறைக்குச் சொல் தேடுகிறோம். ஒரே அலை பல வழிகளில் வந்து ஒன்றோடொன்று கலப்பதைச் சொல்லும் 'பல்வழிக் குறுக்கீடு' என்பதை இதற்கு வைப்பது எனக்கு ஒப்பவில்லை. குறுக்கீடு என்றால் தொல்லை. இங்கே அந்தத் தொல்லைதான் சாட்சி.

பரப்பி ஒரு வண்டியில், அலையைப் பெறும் ஏற்பி ஒரு மாடியில். நடுவே உயரமான கட்டடம். நேராக அலை வராது. எதிர்ச்சாரிக் கண்ணாடிச் சுவரில் பட்டு ஓர் அலை வந்து சேர்கிறது. திசையை மட்டும் பார்க்கும் கருவி, வண்டி அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பதாகக் காட்டும். வேறொரு சுவரில் பட்ட அலை 0.4 மைக்ரோநொடி பிந்தி வந்தால், 120 மீட்டர் கூடுதலாகச் சுற்றியிருக்கிறது என்று பொருள். சுவர்கள் இருக்கும் இடம் வரைபடத்தில் இருந்தால், ஒரே ஏற்பியை வைத்து வண்டியைப் பிடித்துவிடலாம். வண்டி ஓட ஓட இன்னும் தெளிவு: தப்பான கணிப்பு சற்று நேரத்தில் ஏதாவதொரு கட்டடத்துக்குள் புகுந்துவிடும், அதைக் கழித்துவிடலாம்.

சரி, சொல்லுக்கு வருவோம். எதிரொலி ஒலிக்கு உரியது, எதிரொளிப்பு ஒளிக்கு. பேச்சில் இரண்டும் குழம்பும். பந்து சுவரில் பட்டுத் தெறித்தது என்கிறோமே, அந்தத் 'தெறி' போதும். இலங்கைப் பாடநூல்களில் ஒளித்தெறிப்பு என்றே இருக்கிறது.

அப்புறம், வழியா தடமா பாதையா? வழி என்று வைத்தால், தெறிக்காமல் நேராக வருவதை 'நேர்வழி' என்க வேண்டும், அது ஒழுக்கத்தைச் சொல்வதாகிவிடும். தடம் எனக்குப் பிடித்த சொல். ஆனால் நகர்வதைத் தொடர்ந்து கவனிப்பதற்குத் 'தடமறிதல்' வேண்டும், அதைச் செலவழிக்கக் கூடாது. ஆகவே தெறிபாதை. வினைத்தொகை, எனவே ஒற்று மிகாது. முறையின் பெயர் 'தெறிபாதை இடங்காணல்'.

சுவருக்குப் பின்னால் இருப்பதாகத் தோன்றும் பரப்பியை 'நிழல் பரப்பி' என்பதை நான் ஏற்கமாட்டேன். அலை எட்டாத இடத்தைத்தான் நிழல் என்கிறோம். ஆடிக்குப் பின்னால் தோன்றுவது மாயபிம்பம் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். 'பிம்பப் பரப்பி' என்றால் உடனே விளங்கும்.

ஒன்று மிச்சம். கட்டட முனையில் வளைந்து வரும் அலை தெறிப்பதில்லை. அதற்கு 'வளைபாதை' சரிவருமா?