வெளிநாட்டில நிறத்துக்காக ஏச்சு வாங்கினாக்கள் இருக்கிறியளோ?

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
இங்கிலாந்தில, லெஸ்டரில மாஸ்டர்ஸ் செய்த காலம். சனி இரவு வேலை முடிஞ்சு வாற பஸ் எப்பிடியிருக்கும் எண்டு அங்க இருந்தவைக்குத் தெரியும். பின் சீட்டில வெறிகாரப் பெடியள். "பாக்கி, உன்ர ஊருக்குப் போடா" எண்டு தொடங்கி, பியர் பேணியைக் காலடிக்கு உருட்டி விட்டாங்கள். அது பெரிசில்லை. பக்கத்திலயிருந்த வெள்ளைக்கார மனிசி என்ர கையைத் தட்டி, "மனசில வைக்காதை பிள்ளை, உன்னைப் பாகிஸ்தான்காரன் எண்டு நினைச்சிட்டாங்கள்" எண்டுது. முன் சீட்டில தாடி வச்ச ஐயா ஒருத்தர். அவருக்கும் கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்கேல்ல, சால்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டார். அந்தச் சால்வைதான் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

பம்பலப்பிட்டி அக்கா:
மெல்பேர்னில முதியோர் இல்லமொண்டில வேலை செய்தனான். கறுப்புக் கையால தீத்தினால் சாப்பிடமாட்டன் எண்டு ஒரு பாட்டி சூப் கோப்பையைத் தட்டி விட்டா. அவவுக்கு மறதி வருத்தம், அவவில எனக்குக் கோபமில்லை. பொறுப்பான நேர்ஸ் வந்து ஃபைலில எழுதினதைப் பார்த்தன்: "தன் கலாசாரத்தைச் சேர்ந்த பணியாளரை விரும்புகிறார்." எவ்வளவு வடிவான வசனம்! அண்டைக்கே அந்த அறை ரோஸ்டரிலயிருந்து என்ர பேரை எடுத்தாச்சு. சிந்தின சூப்பைத் துடைச்சது மட்டும் நான்.

காலி வீதி:
வெள்ளைக்காரனையே பிடிச்சுத் தொங்குறியள். கொழும்பில 100ஆம் நம்பர் பஸ்ஸில போனில சத்தமாத் தமிழ் கதைச்சுப் பாருங்கோ. "பற தெமளா" எண்டு சிங்களத்தில தமிழரை ஏசுறதை ஒருக்காலும் கேளாத ஆக்கள் இங்க இருக்கிறியளோ? யுத்த நேரம் "கொட்டியா", புலி எண்டு வேற. 83 ஜூலைக் கலவரத்தில, வாளிக்குச் சிங்களத்தில சொல்லுற "பால்திய"வைச் சொல்லச் சொல்லி, உச்சரிப்பை வச்சுத் தமிழாளைப் பிடிச்ச ஊர் இது. அங்க ஏசிப்போட்டுப் போயிடுவான், அவ்வளவுதானே.

பம்பலப்பிட்டி அக்கா:
அவ்வளவுதானோ? 1993இல லண்டனில ஸ்டீபன் லோரன்ஸ் எண்ட 18 வயசுக் கறுப்பினப் பெடியனைப் பஸ் ஸ்டாண்டில வச்சுக் குத்திக் கொன்றவங்கள். ரெண்டு பேரைக் குற்றவாளியெண்டு தீர்க்கவே 2012 ஆச்சு. தெரியாமக் கதைக்காதைங்கோ.

மலையகத்தான்:
நான் வெளிநாடே போனதில்லங்க. புறக்கோட்டையில ஒரு கடையில நின்னேன். முதலாளி நம்மாளுதான், தமிழர். வர்ற கஸ்டமர்கிட்ட எல்லாம், "தோட்டக்காட்டான் போட்ட டீ, குடிச்சுப் பாருங்கோ" னு சிரிச்சுக்கிட்டே கிளாஸை நீட்டுவாரு. அவங்களும் சிரிப்பாங்க. சில பேரு டீ நல்லாருக்குன்னு எனக்கு டிப்ஸ் கூடக் குடுத்தாங்க.

அனுபவசாலி:
எனக்கும் குரொய்டனில ஒருக்கா நடந்தது, அதை விடுவம். தம்பி, நீர் செய்திருக்க வேண்டியது இதுதான். பஸ் நம்பர், நேரம், தரிப்பிடம் மூண்டையும் உடனே போனில குறிக்கோணும். பஸ்ஸுக்குள்ள கமரா இருக்கும், ஆனா பதிவை ஆண்டுக்கணக்கா வச்சிருக்க மாட்டினம். பொலிஸின்ர 101 நம்பருக்கு அடிச்சு, இனத்தைச் சொல்லி ஏசினவங்கள் எண்டதை முதல் வசனத்திலயே சொல்லோணும். இங்கிலாந்தின்ர 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இனவெறியோட செய்த குற்றத்துக்குத் தண்டனை கூட. பகிடிக்குச் சொன்னது எண்டுதான் சொல்லுவாங்கள், விடக்கூடாது. யோர்க்ஷயர் கிரிக்கெட் கிளப்பில விளையாடின அசீம் ரஃபீக்கையும் இதே "பாக்கி" எண்ட சொல்லாலதான் கூப்பிட்டது, பகிடியெண்டுதான் பூசி மெழுகப் பார்த்தது. 2021 நவம்பரில பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவுக்கு முன்னால இருந்து மனுசன் அழுதுபோட்டார். தங்கச்சி, அவுஸ்திரேலியாவில 1975ஆம் ஆண்டு இனப்பாகுபாட்டுச் சட்டம் இருக்கு, அந்த ஃபைல் பக்கத்தைப் பிரதி எடுத்திருக்கலாம். இங்க இலங்கையிலயும் இனப்பகையைத் தூண்டுறதைத் தடுக்க 2007இன் 56ஆம் இலக்கச் சட்டம் இருக்கு. பஸ்ஸில ஏசினவன்மேல அதைப் பாய்ச்சினதா நான் கேள்விப்படேல்ல. மலையகத் தம்பி, குறை நினைக்காதையும், தலைப்பு வெளிநாடு.

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
அண்ணை, ஆரைப் பிடிச்சுக் குடுக்க? அந்த மனிசியையோ?

மலையகத்தான்:
சரிங்க. உள்நாட்டுக்கு ஒரு தலைப்பு போடுங்க, எழுதுறேன். அந்தக் கடை கஸ்டமர் யாராச்சும் இங்க இருந்தா அவங்களும் எழுதட்டும்.