மறு: சைபர் டிஸ்க்கைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

செய்தியை ரகசிய எழுத்தாக மாற்ற உதவிய பழைய கருவியான சைபர் டிஸ்க்குக்குக் 'குறியாக்க வட்டு' என்ற பெயரே போதும் என்று நேற்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்று அந்தச் சொல்லைப் படிப்பவர் கணினியின் வன்வட்டைத்தான் நினைப்பார். நாம் பெயர் தேடுவதோ, 1467 வாக்கில் இத்தாலியின் லியோன் பத்திஸ்தா ஆல்பர்ட்டி விவரித்த செப்புத் தகடுகளுக்கு.

அந்தக் கருவியைக் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தகடுகள், நடுவில் ஓர் ஊசி. பெரிய தகடு அசையாது. அதன் விளிம்பில் 24 கட்டங்கள்: 20 பெரிய எழுத்துகள், 1 முதல் 4 வரை எண்கள். சிறிய தகட்டிலும் 24 கட்டங்கள்: 23 சின்ன எழுத்துகளும் 'et' என்ற குறியும், வரிசை கலைந்து. வெளியே உள்ள எழுத்துக்கு நேராக உள்ளே எது நிற்கிறதோ, அதை எழுத வேண்டும். இவ்வளவுதான் என்றால், எந்த எழுத்து அடிக்கடி வருகிறது என்று எண்ணியே உடைத்துவிடலாம். ஆனால் மூன்று நான்கு சொற்களுக்கு ஒருமுறை உள்தகட்டைத் திருப்பச் சொன்னார் ஆல்பர்ட்டி. திருப்பியதும் அதே எழுத்துக்கு வேறொன்று வந்து நிற்கும். எங்கே திருப்பினோம் என்பதையும் செய்திக்குள்ளேயே ஒரு பெரிய எழுத்தாக எழுதிவிடலாம்.

கருவியின் உயிர் அந்தத் திருப்பலில் இருக்கிறது. பெயரிலும் அது வர வேண்டும்.

'மறைச்சக்கரம்' என்றால் வேதமும் ஸ்ரீசக்கரமும் நினைவுக்கு வரும். 'சில்லு' இலங்கையில் சக்கரம்தான், அழகான சொல். ஆனால் தமிழ்நாட்டில் அது சிப் ஆகிவிட்டது.

என் முன்மொழிவு: மறையெழுத்துத் திகிரி. தேர்ச் சக்கரத்துக்கும் குயவர் சக்கரத்துக்கும் இருந்த பழைய பெயர் திகிரி. யாருக்குப் புரியும் என்று கேட்பீர்கள். இன்று வேறு எதற்கும் புழங்காததால்தான் குழப்பம் வராது என்கிறேன்.

இன்னொரு வசதியும் உண்டு. பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் 1790களில் யோசித்த கருவியில் 36 மரவட்டுகள் ஓர் அச்சில் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் 26 எழுத்துகள் கலைந்திருக்கும். செய்தியை ஒரு வரிசையில் அமைத்து, வேறொரு வரிசையைப் படியெடுத்து அனுப்புவார்கள். வட்டுகளைக் கோத்த ஒழுங்குதான் திறவுகோல். அதற்குத் 'திகிரிக்கோவை' அப்படியே பொருந்துகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பயன்படுத்திய எனிக்மா போன்ற மறையெழுத்து இயந்திரங்களுக்குச் 'சுழலிப் பொறி' இருக்கட்டும்.

'மறையெழுத்து' வேண்டாம், 'கரவெழுத்து' என்று வைக்கலாமா? பாட்டுக்குள் பாட்டை ஒளிக்கும் சித்திரகவிக்குக் 'கரந்துறைப்பாட்டு' என்றுதானே பெயர்? எனக்கு மனம் அந்தப் பக்கம் சாய்கிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.