கியர் லீவர் நடுவுக்கே திரும்பிவிடுகிறது: அப்பாவை எப்படிப் பழக்குவது?

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 72 வயது. நாற்பது வருஷம் கிளட்ச் மிதித்தே ஓட்டியவர். போன மாதம்தான் ஆட்டோமேட்டிக்குக்கு மாறினோம். இதில் லீவரை எந்தப் பக்கம் தள்ளினாலும், கையை எடுத்ததும் நடுவுக்கு வந்து நின்றுவிடுகிறது. வண்டி நகராமல் பூட்டி நிறுத்தும் 'பார்க்' ('பி') நிலைக்குத் தனி பட்டன்.

நேற்று ரிவர்ஸில் இருந்த காரை பார்க்கில் போட்டுவிட்டதாக நினைத்து இறங்கப் போனார். கார் பின்னால் நகர ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த நான் ஹேண்ட்பிரேக் சுவிட்சை இழுத்துப் பிடித்தேன். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

அவர் மேல் தப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பழைய லீவரில் கை வைத்தாலே எந்த கியர் என்று தெரியும். இதில் திரையைப் பார்த்தால்தான் தெரியும். இப்படி நடுவுக்குத் திரும்பும் லீவர் வைத்த சுமார் 11 லட்சம் வண்டிகளை 2016-ல் ஃபியட் கிரைஸ்லர் என்ற கார் நிறுவனம் சரிசெய்து தரத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு ஜூனில் நடிகர் ஆன்டன் யெல்சின், இதே மாதிரி லீவர் இருந்த தன் ஜீப்பே உருண்டு வந்து நசுக்கியதில் இறந்துபோனார்.

கதவைத் திறந்தால் தானாக பார்க்குக்குப் போகும் வசதி சில கார்களில் இருக்கிறது. எங்கள் காரில் இல்லை. சாஃப்ட்வேர் அப்டேட்டில் அதைச் சேர்க்க முடியுமா? யாராவது சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

இன்னொன்று, லேன் அசிஸ்ட், அதாவது கார் தன் தடத்தை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ளும் வசதி. ஸ்டீயரிங் தானாக இழுப்பதில் அப்பா பதறுகிறார். அணைத்தாலும் அடுத்த முறை ஸ்டார்ட் செய்ததும் திரும்ப வந்துவிடுகிறது.

இப்போதைக்கு, பிரேக்கை மிதித்தபடியே திரையில் 'பி' வந்ததைப் பார்த்து, ஹேண்ட்பிரேக்கும் போட்ட பிறகே பெல்ட்டைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன். வண்டி ஓட்டுவதை விட்டுவிடுங்கள் என்று அவரிடம் சொல்ல மனசு வரவில்லை. வயதானவர்களைப் பழக்கியவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.