டாக்டர் வீராசாமியும் பெயரில்லாத பட்லரும்

ஜார்ஜ் ஆர்வெல்லின் 'பர்மீஸ் டேஸ்' நாவலை, யாங்கோனில் (பழைய ரங்கூனில்) எங்கள் வீட்டு முன்கூடத்தில், கண்பார்வை மங்கிவிட்ட பெரியப்பாவுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர் 1934இல் வெளியிட்ட கதை அது. வெள்ளையர் கிளப்பில் ஒரு சுதேசியைச் சேர்க்கலாமா என்பதே அதில் சண்டை. சேர விரும்பி நிற்பவர் இந்தியரான டாக்டர் வீராசாமி.

எல்லிஸ் என்ற வெள்ளைக்காரன் வாயைத் திறந்தாலே வசைதான். பெரியப்பா அசையவில்லை. "அப்படித்தான் பேசுவாங்கன்னு அப்பா சொல்லியிருக்கார்" என்றார். என் தாத்தா ரங்கூனில் ஒரு துரை வீட்டில் பட்லராக இருந்தவர். பிழையில்லாத ஆங்கிலம் பேசிய குற்றத்துக்காகக் கிளப் பட்லரை, அகராதியை விழுங்கிவிட்டாயா என்று எல்லிஸ் அதட்டும் இடத்தில் பெரியப்பா சிரிக்கவும் செய்தார். ஆனால் அதே பட்லரின் கண்களை நாயின் கண்களுக்கு ஒப்பிட்டிருந்த வரியில் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"இதைச் சொல்றது யாரு, எல்லிஸா?"

"இல்லை பெரியப்பா, எழுதினவரே."

அன்று போதும் என்றார்.

அந்தக் காலத்து எழுத்தை அந்தக் காலத்தை வைத்தே பார்க்க வேண்டும் என்று நண்பர்கள் சொன்னார்கள். எல்லிஸைப் பொறுத்தவரை எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால், ஆங்கிலேயர் இங்கே வந்தது கொள்ளையடிக்கத்தான் என்று கதாநாயகன் ஃப்ளோரியின் வாயால் சொல்லவைத்து, தம் காலத்தையே மீறி நின்ற ஒருவர், பிராந்தித் தட்டை ஏந்தி வந்த மனிதனை மட்டும் அப்படிப் பார்த்ததற்குக் காலத்தின் மேல் பழி போட முடியுமா?

பர்மிய நண்பர் ஒருவர் சொன்னதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. "உனக்கு ஒரு வரி வலிக்கிறது, எங்களுக்கு முதல் அத்தியாயத்திலேயே ஊழல்காரப் பர்மிய மாஜிஸ்திரேட் ஊ போ சின் வந்துவிடுகிறான். பேரரசைப் புகழ்ந்து வாதாடுபவரோ உங்கள் டாக்டர்" என்றார். 1931இல் ரங்கூன் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் கடன்பட்ட விவசாயிகளின் நிலம் கைமாறி, 1930களின் இறுதியில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு செட்டியார்களிடம் இருந்தது. வீராசாமியைப் படிக்கும் பர்மியருக்கு இதெல்லாம் நினைவுக்கு வராமல் இருக்காது.

மறுவாரம் பெரியப்பாவே கேட்டார்: "அந்தப் பட்லர் பேரு என்ன?"

பட்லர் என்றுதான் போட்டிருக்கிறது என்றேன். தாத்தாவின் பெயரை ஒருமுறை உரக்கச் சொன்னார். பிறகு, "மேலே படி" என்றார்.